வெள்ளிக்கிழமைக்காகக் காத்திராதிருங்கள்



இந்த வாரம் ஒரு கேள்வியோடு உங்களிடம் வருகிறேன். உங்கள் மகனோ, மகளோ, கணவரோ, உடன்பிறந்தவரோ கடல் கடந்த தேசத்தில் இருக்கிறார்களா? அப்படியானால் உங்கள் கைப்பேசியை எடுத்து அவர்களுடைய எண்ணைச் சற்றுப் பாருங்கள். அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி இருக்கிறதா? அவர்கள் உங்களை அழைப்பதற்காகக் காத்திராமல், நீங்களாகவே அவர்களை அழைத்து எத்தனை நாளாயிற்று?

இது ஆவிக்குரிய தியானத்தில் கேட்கத்தக்க கேள்விதானா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2014-ஆம் ஆண்டின் ஓர் இரவு என் எண்ணத்தை மாற்றியது. அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆயினும் சொல்லுகிறேன், என்னுடைய அறியாமை உங்கள் வீட்டுக்காவது பயன்படட்டும்.

அப்போது நான் நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் பகுதியில் தெருவுக்கு நாலு வீடாவது வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தில் கட்டப்பட்டதாக இருக்கும். சபையில் ஒரு தாயார் இருந்தார். அவருடைய ஒரே மகன் சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் வெல்டராக வேலை செய்துவந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியம் அவரிடமிருந்து அழைப்பு வரும். அங்கே வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமைதான். எங்கள் உபவாச ஜெபமும் அதே நாளில் நடப்பதால், அந்தத் தாயார் முடிவு ஜெபத்துக்கு முன்பே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். அதை யாரும் குறையாக எண்ணியதில்லை. மகன் அழைப்பான், தாய் எடுப்பார். ஆறு ஆண்டுகளாக அந்த வீட்டின் ஒழுங்கு இதுவே.

ஒரு வியாழக்கிழமை இரவு அந்தத் தாயாரின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆட்டோ வந்து சேருவதற்குள் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பதினொரு மணி. அழுதுகொண்டிருந்த தாயார் என்னைக் கண்டதும் தம் வேதாகமத்தை எடுத்து, அதன் முன்னட்டையின் உட்புறத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். “ஐயா, என் மவனுக்குச் சொல்லணும்” என்றார். அங்கே ஒரு தொலைபேசி எண் எழுதப்பட்டிருந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த மகனின் அறைத்தோழர் ஒருவர், என்றைக்காவது உதவும் என்று எழுதிவைத்துப் போனது.

அந்த எண் 05 என்று தொடங்கியது. அதை அப்படியே அழுத்தினேன். எண் தவறானது என்று பதிவுக்குரல் சொன்னது. சவூதியின் நாட்டுக் குறியீடு 966 என்று யாரோ சொன்னார்கள். அதை முன்னால் சேர்த்து அழுத்தினேன். அதற்கும் வழி திறக்கவில்லை. வெளிநாட்டு அழைப்புக்கு முதலில் இரண்டு பூஜ்யங்கள் போடவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. 00 போட்டு, 966 போட்டு, அட்டையில் இருந்தபடியே 05 என்று தொடங்கி எல்லா எண்களையும் போட்டேன். அப்போதும் பதிவுக்குரலே பதில் தந்தது. தாயாரின் கைப்பேசியில் கடந்த வெள்ளிக்கிழமை வந்த எண்ணைத் தேடி எடுத்து அதற்கு அழைத்துப் பார்த்தோம். அந்தத் தம்பி மலிவான காலிங் கார்டு வழியாகப் பேசுகிறவர். ஆகையால் திரையில் பதிந்திருந்தவை அவருடைய எண்களே அல்ல. வாரத்துக்கு ஒன்றாக, வெவ்வேறு எண்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

அறுபது பேர் அந்த முற்றத்தில் இருந்தோம். பட்டம் பெற்றவர்கள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள், இறையியல் கற்ற நானும் இருந்தேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த பெற்றோரும் பலர் இருந்தார்கள். வெளிநாட்டுக்கு ஓர் அழைப்பைச் செய்ய எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அழைப்பைப் பெற்றுப் பழகியவர்களே.

காலை ஐந்து மணிக்கு, நாற்காலிகளை இறக்க வந்தார் சபையின் வாலிபர் ஒருவர். கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறவர். எண்ணைப் பார்த்தார், ஒரு நொடிதான். “ஐயா, இந்தப் பூஜ்யத்தை எடுத்துடணும்” என்று சொல்லி, தம்முடைய கைப்பேசியில் கூட்டல் குறி போட்டு, 966 போட்டு, அதன்பின் 5-லிருந்து தொடங்கி அழுத்தினார். மணி ஒலித்தது. ஆனால் யாரும் எடுக்கவில்லை. அங்கே அப்போது அதிகாலை இரண்டரை மணி.

அன்பானவர்களே, நான் முதன்முதலில் முயன்ற இரவு பதினொரு மணி, தம்மாமில் இரவு எட்டரை மணி. அந்தத் தம்பி வேலை முடிந்து, சாப்பிட்டு, கட்டிலில் விழித்து உட்கார்ந்திருந்த நேரம் அது. செய்தி அவருக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை காலையில். அதற்குள் அவருடைய நிறுவனத்தின் அலுவலகம் விடுமுறையில் மூடியிருந்தது. அந்நாளில் சவூதியிலிருந்து ஒரு தொழிலாளி ஊருக்கு வந்து திரும்ப, வேலை கொடுப்பவர் பெற்றுத்தரும் வெளியேறும் அனுமதி வேண்டும். அவருடைய கடவுச்சீட்டும் நிறுவனத்தின் கையில் இருந்தது. அனுமதி தர வேண்டியவர் விடுமுறைக்கு வேறு ஊர் போய்விட்டார். சனிக்கிழமை மாலை அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். மகன் திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார். கல்லறையில் போட்ட மண் அப்போதும் ஈரமாக இருந்தது.

அவர் என்னைக் குறைசொல்லவில்லை. “வியாழன் ராத்திரியே தெரிஞ்சிருந்தா மேனேஜர் வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பேன், ஐயா” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை சுமக்கிறேன். நாங்கள் இரவெல்லாம் ஜெபித்தோம், பாடினோம், ஆறுதல் சொன்னோம். அவையெல்லாம் செய்யத்தக்கவையே. ஆனால் அந்த இரவில் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது, ஒரு பூஜ்யத்தை நீக்கத் தெரிந்த ஒரு மனுஷன்.

ஆகையால், அந்த வாலிபர் எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் பின்னர் நான் அறிந்துகொண்டதையும் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

வெளிநாட்டு எண் ஒன்றுக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, நம் தேசத்தைவிட்டு வெளியே போகும் வாசல். இந்தியாவில் அந்த வாசல் 00. வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 00 தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஆஸ்திரேலியாவில் 0011. இவற்றையெல்லாம் நினைவில் வைக்கத் தேவையில்லாதபடி கைப்பேசியில் கூட்டல் குறி இருக்கிறது. நீங்கள் எந்தத் தேசத்தில் நின்றாலும், அந்தத் தேசத்தின் வாசல் எண்ணைக் கைப்பேசிச் சேவையே கூட்டல் குறிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும். பட்டன் கைப்பேசிகளில் 0 என்ற பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் கூட்டல் குறி வரும்.

இரண்டாவது, நாட்டுக் குறியீடு. உலகத்தின் தேசங்களுக்கெல்லாம் இந்த எண்களைப் பகிர்ந்து தந்திருப்பது ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தந்தி காலத்தில், 1865-இல் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. உலகை ஒன்பது பெரும் பகுதிகளாகக் கண்டு எண்களை வகுத்திருக்கிறார்கள். 1 என்பது அமெரிக்காவும் கனடாவும் அவற்றைச் சேர்ந்த தீவுகளும். 2 என்று தொடங்குபவை பெரும்பாலும் ஆப்பிரிக்கா. 3, 4 ஐரோப்பா. 6 என்று தொடங்குபவை தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும் சூழ்ந்த தீவுகளும். மலேசியா 60, ஆஸ்திரேலியா 61, சிங்கப்பூர் 65. நாம் 9-ஆம் பகுதியைச் சேர்ந்தவர்கள். இந்தியா 91, பாகிஸ்தான் 92, இலங்கை 94. வளைகுடா நாடுகளும் இதே பகுதியில்தான் வருகின்றன: குவைத் 965, சவூதி 966, ஓமன் 968, ஐக்கிய அரபு அமீரகம் 971, பஹ்ரைன் 973, கத்தார் 974. இங்கிலாந்து 44.

மூன்றாவது, அந்தத் தேசத்துக்குள் வழங்கும் எண். இங்கேதான் நான் இடறினேன். பல நாடுகளில் உள்ளூர் எண்ணின் முன்னால் ஒரு பூஜ்யம் எழுதுவார்கள். “இந்தத் தேசத்துக்குள் தொலைவாகப் பேசப்போகிறேன்” என்று தொலைபேசி நிலையத்துக்கு அறிவிக்கும் அடையாளம் அது, எண்ணின் பாகமல்ல. வெளியிலிருந்து அழைக்கும்போது அதை விட்டுவிட வேண்டும். நம் நாகர்கோவிலின் எஸ்.டி.டி. எண் 04652, வெளிநாட்டிலிருந்து அழைப்பவர் +91 போட்டு 4652 என்றே தொடருவார். அப்படியே சவூதியிலும் அமீரகத்திலும் 05 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணை நாம் 5-லிருந்து தொடங்க வேண்டும். மலேசியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எண்களிலும் முன்னிருக்கும் பூஜ்யத்தை நீக்கவேண்டும். குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன், சிங்கப்பூர் எண்களில் இந்தத் தொல்லை இல்லை. அவை முன்பூஜ்யம் இல்லாத எட்டு இலக்க எண்கள். இத்தாலி ஒரு விலக்கு: அங்கே வீட்டுத் தொலைபேசி எண்ணின் பூஜ்யத்தை நீக்கக்கூடாது. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எண்ணினால் எந்தத் தேசத்து எண்ணும் பதினைந்து இலக்கங்களுக்கு மேற்படாது. நீங்கள் எழுதிவைத்திருப்பது அதற்கும் நீண்டதாக இருந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று அறியுங்கள்.

எண் சரியாக இருந்தாலும் வேறு மூன்று காரியங்கள் உண்டு. ஒன்று, உங்கள் சிம் அட்டையில் வெளிநாட்டு அழைப்பு வசதி திறந்திருக்கிறதா, அதற்குப் போதுமான பணம் இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். உள்நாட்டில் எவ்வளவும் பேசலாம் என்று நாம் கட்டும் மாதாந்தரத் தொகையில் பொதுவாக வெளிநாட்டு அழைப்பு சேராது. நள்ளிரவில் ரீசார்ஜ் கடை திறந்திருக்காது.

இரண்டு, இணையம் வழியாக முகம் பார்த்துப் பேசுகிற இக்காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதிருங்கள். இரு பக்கமும் இணைய இணைப்பு இருந்தால்தான் அந்த அழைப்பு சேரும். அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகச் செய்தி அனுப்பலாம். குரல் அழைப்பு அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. அனுமதி பெற்ற சில செயலிகளே வேலை செய்யும். உறங்குகிறவரை எழுப்புவது சாதாரண அழைப்பின் மணியே.

மூன்று, நேரம். அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நான்கரை மணியும் பின்னால் இருக்கும்; மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். நியூயார்க் குளிர்காலத்தில் பத்தரை மணியும் கோடையில் ஒன்பதரை மணியும் பின்னால். உங்கள் பிள்ளையின் ஊர் நேரத்தைக் காட்ட ஒரு பழைய கடிகாரத்தைச் சுவரில் மாட்டிவையுங்கள். அவன் எழும் நேரமும் வேலைக்குப் போகும் நேரமும் கண்முன் தெரிந்தால், ஜெபிப்பதற்கும் அது உதவும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி ஒலித்து நின்றுபோனால், திரும்ப அழைக்காதிருங்கள். அப்படி அழைப்பவர்களிடமிருந்து அதிகக் கட்டணம் பறிக்கும் வஞ்சகம் உண்டு. “உன் மகன் போலீஸ் பிடியில் இருக்கிறான், பணம் அனுப்பு” என்று யாராவது மிரட்டினால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, நீங்கள் எழுதிவைத்திருக்கும் எண்ணில் மகனையே அழையுங்கள். அழைக்கத் தெரிந்த பெற்றோரை ஏமாற்றுவது கடினம்.

இந்த வசதியெல்லாம் எத்தனை புதியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் தொலைபேசி நிலையத்தாரின் உதவியின்றி வெளியூருக்கு நேரடியாகப் பேசும் எஸ்.டி.டி. வசதி முதன்முதலில் 1960-இல், லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையேதான் வந்தது. அதற்கு முன்பு எல்லாருக்கும் டிரங்க் கால்தான். பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் இறையியல் மாணவனாக இருந்த தொண்ணூறுகளில், மஞ்சள் பலகை வைத்த எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. கூண்டுகளுக்கு முன்னால் இரவு நேரத்தில் பெண்கள் வரிசையாக நிற்பதைக் கண்டிருக்கிறேன். கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிறவர்களின் கண் ரிசீவரில் அல்ல, அந்த எண்களில்தான் இருக்கும். “சுகந்தானா? நான் சுகம். வைக்கிறேன்” என்பதற்குள் கையிலிருந்த பணம் தீர்ந்துவிடும்.

நம் வீடுகளில் “அவனே கூப்பிடட்டும்” என்ற வழக்கம் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது என்று நினைக்கிறேன். சம்பாதிக்கிறவன் செலவு செய்யட்டும். நாம் அழைத்தால் வீண்செலவு. அன்று அது சிக்கனம். இன்று கூண்டுகள் மறைந்துவிட்டன. அந்த வழக்கம் மாத்திரம் மறையவில்லை. அதனால் விளைந்த ஒரு தீங்கை நான் பிற்பாடுதான் கண்டுகொண்டேன். நாம் ஒருபோதும் அழைக்காமல், மரணத்தின்போது மாத்திரம் அழைத்தால், வீட்டிலிருந்து வரும் அழைப்பு பிள்ளைகளுக்குத் திகிலாகிவிடுகிறது.

துக்க நாட்கள் கழிந்தபின், அந்தத் தாயாருக்கு அழைக்கக் கற்றுக்கொடுக்க அந்த வாலிபர் முன்வந்தார். தாயாருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. எண்களை வாசிப்பார்; ஆங்கிலம் அறியார். 0 பொத்தானை அழுத்திப் பிடித்துக் கூட்டல் குறி தோன்றியபோது, “இது சிலுவையில்லா?” என்றார். வாலிபர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் தாயாருக்கு அது நிலைத்துவிட்டது. முதலில் சிலுவை, பின்பு 966, பின்பு 5. வேதாகமத்தின் அட்டையிலிருந்த பழைய எண்ணை அடித்துவிட்டு, சிலுவையோடு புதிதாக எழுதிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் ஒருமுறை அழைத்துப் பழகும்படி சொல்லியிருந்தேன். நாணத்தினால் இரண்டொரு முறைதான் செய்தார்.

2016 வந்தது. எண்ணெய் விலை வீழ்ந்து, சவூதியில் பல கட்டுமான நிறுவனங்கள் ஊதியம் கொடுக்க இயலாமல் நின்ற ஆண்டு அது. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சம்பளமின்றி முகாம்களில் தவித்ததும், மத்திய அரசு அப்போதைய வெளியுறவு இணையமைச்சர் வி. கே. சிங் அவர்களை அங்கே அனுப்பியதும் செய்தித்தாள்களில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். நம் தாயார் செய்தித்தாள் வாசிக்கிறவர் அல்லர். அவருக்குத் தெரிந்தது ஒன்றே: மகனின் வெள்ளிக்கிழமை அழைப்பு வரவரக் குறுகியது. “சுகமா இருக்கேன்” என்பதோடு முடிந்தது. பின்பு இரண்டு வெள்ளிக்கிழமைகள் அழைப்பே வரவில்லை.

முன்பானால் மூன்றாம் வெள்ளிக்காகக் காத்திருந்திருப்பார். இம்முறை காத்திருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு, அங்கே ஏழரை மணிக்கு, வேதாகமத்தின் அட்டையைத் திறந்துவைத்து, சிலுவையைப் போட்டு, ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார்.

மகன் எடுத்தவுடன் கேட்டது, “அம்மா, யாருக்கு என்ன ஆச்சு?” என்பதே.

“யாருக்கும் ஒண்ணும் இல்ல மக்கா. உன் சத்தம் கேக்கணும்னு தோணிச்சு” என்றார் தாயார்.

சற்று நேரம் மறுபக்கம் சத்தமே இல்லையாம். பின்பு அழுகை. நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. முகாமில் ஒருவேளைச் சாப்பாடு. தாய்க்குப் பணம் அனுப்பாமல் என்ன முகத்தோடு அழைப்பது என்று வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். இன்னும் மோசமான நினைவுகளும் தனக்கு வந்திருந்ததாக, ஊர் திரும்பியபின் என்னிடம் தனியே சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தாயார் மறுநாள் காலையில் ஆலய வாசலுக்கு வந்தார். ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதினோம். இம்முறை நானே அந்த எண்ணை அழைத்தேன், பூஜ்யம் இல்லாமல். பல வாரங்கள் ஆயின. வரவேண்டிய சம்பளம் முழுவதும் வரவில்லை. ஆனாலும் அந்தத் தம்பி உயிரோடும் சுகத்தோடும் வீடு வந்து சேர்ந்தார். இன்று ஊரிலேயே சிறிய பட்டறை வைத்திருக்கிறார்.

வேதாகமத்தில் யோசேப்பின் சரித்திரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காரியம் புரியாமலே இருந்தது. பதினேழு வயதில் விற்கப்பட்டவன், முப்பதாம் வயதில் எகிப்தின் அதிகாரியானான். கட்டளையிட்டால் தேசமே கேட்கும். ஆயினும் செழிப்பான ஏழு வருஷங்களும், பஞ்சத்தின் முதல் வருஷங்களும் கடந்தும், கானானில் அழுதுகொண்டிருந்த தகப்பனுக்கு ஒரு செய்தி அனுப்பவில்லை. ஏறக்குறைய இருபத்திரண்டு வருஷ மௌனம். காரணத்தை வேதம் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தம்பியின் இரண்டு வெள்ளிக்கிழமைகளைக் கண்டபின், தூர தேசத்தில் இருக்கிறவனின் மௌனத்தை அலட்சியம் என்று நான் இனி ஒருபோதும் எடுத்துக்கொள்வதில்லை. அதற்குள் வெட்கம் இருக்கலாம், காயம் இருக்கலாம். மௌனமாயிருக்கிறவன் தானாகப் பேசும்வரைக்கும் காத்திருப்பது அன்பின் வழி அல்ல. ஏதேன் தோட்டத்திலும் வெட்கப்பட்டு மறைந்திருந்தவன் மனுஷன். தேடி வந்து முதலில் கூப்பிட்டவர் தேவன். முதலில் கூப்பிடுவது உயர்ந்தவருக்குக் குறைவு அல்ல என்பதை நாம் அங்கேயே கற்றிருக்க வேண்டும்.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரம் ஒரு சிறு கடமையை உங்களுக்குக் கொடுக்கிறேன். தூர தேசத்தில் இருக்கிற உங்கள் அன்பானவருக்காக மூன்று எண்களை, கூட்டல் குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும், எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்: அவருடைய சொந்த எண், அறைத்தோழர் ஒருவரின் எண், அந்நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண். கைப்பேசியிலும் அப்படியே பதிந்துவையுங்கள். பதிந்ததோடு நின்றுவிடாமல் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். வழி திறக்கிறதா என்று பார்க்கும் நாள், சமாதானமான நாளாக இருக்கட்டும். வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். உங்கள் விரலால் அழுத்திக் காட்டாமல், அவர்கள் விரலாலேயே அழுத்தச் செய்யுங்கள். சபைகளில் இருக்கும் வாலிபரே, இது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். நான் இப்போது ஊழியம் செய்யும் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்கிறோம்.

பின்பு, காரணம் ஏதும் இல்லாத ஒரு நாளில் அழையுங்கள். பணம் கேட்க அல்ல, கல்யாணச் செய்தி சொல்ல அல்ல, துக்கம் அறிவிக்க அல்ல. “யாருக்கு என்ன ஆச்சு?” என்று அவர்கள் பதறினால், “ஒன்றும் இல்லை” என்று சொல்லுங்கள். அந்தப் பதற்றம் தீரும்வரைக்கும் வாரந்தோறும் அழையுங்கள். வெள்ளிக்கிழமைக்காகக் காத்திராதிருங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, கடல் கடந்து உழைக்கிற எங்கள் பிள்ளைகளை நினைத்தருளும். அவர்கள் மௌனமாயிருக்கும் நாட்களில் அவர்களை முதலில் தேடிச் செல்லும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். கற்றுக்கொள்ள வேண்டியதைத் தாமதமின்றிக் கற்றுக்கொள்ள எங்களுக்கு உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.